முதல் பக்கத்தில் தம்பியின் பெயர்

(இசை ரசிகர்கள் கூடிய ஒரு மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவுகள் இசைக்கப்பட்ட இடங்கள் அடைப்புக்குறிக்குள் காட்டப்பட்டுள்ளன.)



என்னை அழைத்த நண்பர்கள் ‘இசையும் துக்கமும்’ என்று தலைப்பு வைத்துவிட்டு, எதை வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். அப்படிச் சொன்னால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நான் பேச்சாளன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் சினிமா ஒலிப்பதிவுகளில் வியோலா வாசித்தவன். வியோலா என்றால் கொஞ்சம் பெரிய வயலின் என்ற அளவில்தான் பலருக்குத் தெரியும். வயலின்காரர்கள் மெட்டை எடுத்துக்கொள்வார்கள். செல்லோக்காரர்கள் கண்ணீரை எடுத்துக்கொள்வார்கள். நடுவில் நின்று பந்தி பரிமாறுகிறவன் வியோலாக்காரன். ஆனால் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பது அவனுக்குத்தான் நன்றாகக் காதில் விழும். அந்த ஒரு தகுதியில் இங்கே நிற்கிறேன்.

எங்கள் தொழிலில் சாவுக்கு ஒரு பார்முலா இருந்தது. படத்தில் யாராவது கண்ணை மூடினால் அன்றைக்கு ஷெனாய்க்காரருக்கு கால்ஷீட். அவருக்குப் பின்னால் ஸ்ட்ரிங்ஸ் முழுவதும் கீழ் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இரண்டு டேக்கில் முடிந்துவிடும். கேலிக்காகச் சொல்லவில்லை, தியேட்டரில் ஜனங்கள் உண்மையாகவே அழுதார்கள். ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் இப்படி ஒரு பார்முலா உண்டு, அதற்கு வயது சில நூறு வருடம். படியிறங்குவது போல அரை அரை ஸ்வரமாக இறங்கும் பேஸ், மியூட் போட்ட தந்திகள், துணி போர்த்திய டிரம். இதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த ஒரு ஆள், செத்துப்போன தம்பிக்காக ஒரு மணி நேரப் படைப்பு எழுதினார். அதன் மிக முக்கியமான இடத்துக்கு வந்தபோது வயலினை நிறுத்தினார், வியோலாவை நிறுத்தினார், குழல்களை நிறுத்தினார், பாடகர்களையும் உட்காரச் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்குத்தான் உங்களை அழைத்துப்போகப் பார்க்கிறேன். வழி கொஞ்சம் சுற்று.

ஆர்தர் பிளிஸ், ஆங்கிலேய இசையமைப்பாளர். அந்தப் படைப்பின் பெயர் ‘மார்னிங் ஹீரோஸ்’. காலைநேர வீரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிளிஸ் 1891 ஆகஸ்ட் 2ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து வந்து லண்டனில் தொழில் செய்தவர். அடுத்தடுத்து மூன்று ஆண் பிள்ளைகள்: ஆர்தர், கென்னார்ட், ஹோவர்ட். மூத்தவனுக்கு நான்கு வயது நிறைவதற்குள், 1895இல், அம்மா போய்விட்டார். தாயில்லாப் பிள்ளைகள் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தன. ஆர்தருக்கு பியானோ, கென்னார்டுக்குக் கிளாரினெட், கடைக்குட்டிக்குச் செல்லோ. ஒரு வேடிக்கை பாருங்கள்: ஆர்தர் பிறந்த அதே 1891இல் தான் பிராம்ஸ் சரியாக இந்த மூன்று வாத்தியத்துக்கு ஒரு டிரயோ எழுதினார். இந்த வீட்டில் அதற்கு ஆள் வெளியே தேட வேண்டியதில்லை. மூவரில் கென்னார்டுதான் எல்லாம் தெரிந்தவன். வாசிப்பான், கவிதை எழுதுவான், படம் வரைவான்.

1914இல் போர் வந்தது. ஆர்தர் காலாட்படையில் ராயல் ஃபியூஸிலியர்ஸ், கென்னார்ட் பீரங்கிப்படை. இந்த ‘பீரங்கிப்படை’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1916 ஜூலை 1. பிரான்ஸில் சோம் ஆற்றுப் பக்கம் பிரிட்டிஷ் படை தாக்குதலைத் தொடங்கிய நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாரையும் சேர்த்தால் 57,000க்கு மேல். அந்த மாதமே ஆர்தருக்குக் காலில் காயம் பட்டது. இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே படுத்துத் தேறிக்கொண்டிருக்கும்போது, செப்டம்பர் 28ஆம் தேதி, தியப்வால் கிராமத்துப் பக்கம் கென்னார்ட் கொல்லப்பட்டான். 24 வயது.

தியப்வாலில் இன்று பெரிய செங்கல் வளைவு ஒன்று நிற்கிறது. நம் புதுடெல்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ் கட்டியது. உடல் கிடைக்காத 72,000 பேருக்கு மேல் அதில் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். கென்னார்டின் பெயர் அதில் இராது, ஏனென்றால் அவனுக்குக் கல்லறை இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அதுவே ஒரு பாக்கியம்.

காயம் ஆறியதும் ஆர்தர் திரும்பப் போர்முனைக்குப் போனார். 1918இல் விஷவாயுவில் மாட்டினார். அதிலும் தப்பினார். போர் முடிந்தபோது வயது 27.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு இந்த மனிதர் மீது ஆர்வம் வரக் காரணம். வீடு திரும்பியவர் என்ன எழுதினார்? இரங்கல் எழுதினாரா? இல்லை. 1918இல் ‘மேடம் நோய்’ என்று ஒரு சூனியக்காரிப் பாட்டு (பெயரைத் தமிழில் எழுதினால் வில்லங்கமாக இருக்கிறது, நான் பொறுப்பில்லை). 1920இல் ‘ரௌட்’. அதில் சோப்ரானோ பாடகி திருவிழாக் கூட்டத்தின் நடுவே அர்த்தமே இல்லாத சத்தங்களைப் பாடுவார். அதே வருடம் ‘கான்வர்சேஷன்ஸ்’. அதில் ஒரு பகுதிக்குப் பெயர் கமிட்டிக் கூட்டம். வயலின் தலைவர் மாதிரி ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும், மற்ற வாத்தியங்கள் குறுக்கே புகுந்து கூச்சல் போடும். நம் சங்கங்களின் பொதுக்குழுவுக்குப் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1922இல் க்ளாஸ்டரில் நான்கு நிறங்களுக்கு நான்கு பகுதியாக ஒரு சிம்பனி. லண்டன் விமர்சகர்கள் அவரை ஒரு குறும்புக்காரப் பையன் என்று முடிவு கட்டினார்கள். தம்பி எங்கே? துக்கம் எங்கே?

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. என் கதையை ஒரு நிமிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு தம்பி இருந்தான். அவன் போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எனக்கு ஒரு ஒலிப்பதிவு. கல்யாணப் பாட்டு. நாற்பது பேர் உட்கார்ந்து துள்ளலாக ஒரு ஆறு எட்டுத் தாளம். என் வில் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. முதல் டேக்கே ஓகே ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், விஷயம் தெரியாதவர், “சார், இன்னிக்கு என்ன, கை தனியா பேசுது?” என்றார். வெளியே வந்து டீ குடித்தோம். அவ்வளவுதான். அழுகை உடனே வரும் என்பதும், உடனே வருவதுதான் உண்மையானது என்பதும் துக்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் எதிர்பார்ப்பு. பறிகொடுத்தவனுக்கு அது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

பிளிஸுக்கு அது முதலில் கனவாக வந்தது. தன் வாழ்க்கைக் கதையில் அவரே எழுதியிருக்கிறார். கனவில் அவர் இன்னும் பதுங்குகுழியில் இருக்கிறார், கூடச் சில பேர். போர் நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தச் சிலரை மட்டும் மறந்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்திலும் இதேபோல ஒரு ஜெர்மன் கூட்டத்தை அவர்கள் தரப்பு மறந்துவிட்டது. இரண்டு கூட்டமும் கடைசி ஆள் விழும்வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். போர் முடிந்து பத்து வருடம் ஆகியும் இந்தக் கனவு அவரை விடவில்லை. கல்யாணமாகிப் பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. பகலில் பேர் வாங்கிய இசையமைப்பாளர், இரவில் மறக்கப்பட்ட சிப்பாய்.

அந்தக் கனவில் ஒன்றைக் கவனித்தீர்களா? தம்பி அதில் இல்லை. பிளிஸ் விவரிக்கிற கனவில் கென்னார்ட் வந்து நிற்பதில்லை, பேசுவதில்லை. கூட்டமாகக் கைவிடப்பட்ட பயம்தான் இருக்கிறது. இதிலிருந்துதான் என் கட்சி தொடங்குகிறது. ஊர் அழாமல் வீடு அழ முடியாத சாவு என்று ஒன்று உண்டு. பக்கத்து வீட்டிலும் ஒருவன், எதிர் வீட்டிலும் ஒருவன், கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் என்று போயிருக்கும்போது, “என் தம்பி” என்று தனியாக வாய்விட்டால் அது சுயநலம் மாதிரி இருக்கும். அதிலும், தான் பிழைத்து வந்தவன் வேறு.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கதை உண்டு, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன். அவருடைய அக்கா ஃபேனி, தானும் நானூறுக்கு மேல் எழுதிய இசையமைப்பாளர். அக்காவின் பாட்டுகள் சில தம்பியின் பெயரில் அச்சாகின. 1842இல் விக்டோரியா ராணி தனக்குப் பிடித்த பாட்டு என்று ஒன்றைப் பாடிக் காட்ட, அது என் அக்கா எழுதியது என்று மெண்டல்சன் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1847 மே 14, பெர்லினில் தன் வீட்டுக் கச்சேரிக்காகத் தம்பியின் இசையையே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஃபேனி பக்கவாதத்தில் விழுந்தார், அன்றே இறந்தார். செய்தி கேட்டுத் தம்பி அலறி விழுந்தார் என்கிறார்கள். அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தில் இன்டர்லாகனில் போய் உட்கார்ந்து மலைகளை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தார். அங்கேதான் எஃப் மைனரில் ஒரு தந்தி நால்வர் இசை எழுதினார். அதுவரை வழவழப்பாக எழுதிய கை, அதில் கீறுகிறது. நான்கு பேரும் ஒரே இடத்தில் நடுங்குவது போல வாசிக்க வேண்டியிருக்கும். நான் வாசித்திருக்கிறேன், தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும். நவம்பர் 4ஆம் தேதி அவரும் போய்விட்டார். 38 வயது. அக்கா பக்கத்திலேயே புதைத்தார்கள். உடனே அழுதால் இப்படி. ஒருவருக்குச் சில மாதம், இன்னொருவருக்கு 14 வருடம். எது மேல் என்று கேட்காதீர்கள்.

நாரிச் நகரத்து இசைவிழா 1930க்காக ஒரு பெரிய படைப்பு வேண்டும் என்று வந்தபோது பிளிஸ் இந்தக் கனவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெரிய ஆர்கெஸ்ட்ரா, பெரிய கோரஸ், ஒரு சொல்வோன். பாடகன் இல்லை, சொல்வோன். ஸ்கோரின் முதல் பக்கத்தில் அர்ப்பணிப்பு: தம்பி பிரான்சிஸ் கென்னார்ட் பிளிஸின் நினைவுக்கும், போரில் கொல்லப்பட்ட மற்ற எல்லாத் தோழர்களின் நினைவுக்கும். தம்பியையும் தோழன் என்ற வரிசையில் சேர்த்துவிட்டார், பார்த்தீர்களா. “மற்ற” என்ற அந்தச் சின்னச் சொல்லில் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் பக்கத்தைப் புரட்டினால் சோம் இல்லை, இங்கிலாந்து இல்லை. ட்ராய் இருக்கிறது. ஹோமரின் இலியட்டிலிருந்து ஹெக்டர் மனைவியிடம் விடைபெறும் இடம். ஹெக்டர் கோட்டை வாசலில் நிற்கிறான், ஆண்ட்ரோமகி போக வேண்டாம் என்கிறாள், தாதி குழந்தையை வைத்திருக்கிறாள். அப்பா தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை வீரிட்டு அழுகிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான். சண்டைக்கு நடுவில் இப்படி ஒரு சிரிப்பை வைத்த புலவன் சாமானியன் இல்லை.

இந்த முதல் பகுதி முழுக்க ஒருவரும் பாடுவதில்லை. ஒருவர் பேசுகிறார், ஆர்கெஸ்ட்ரா கூடவே போகிறது. மேல்நாட்டு ரசிகர்களில் சிலருக்கு இது ஒட்டவில்லை. பாட வேண்டிய இடத்தில் எதற்குப் பேச்சு என்று முனகல் இன்றுவரை உண்டு. நமக்கு இதில் ஒன்றும் விசித்திரம் இல்லை. தெற்கே கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், புலவர் கதையை விட்டுப் பேச்சுக்கு வருவார், உடுக்கையும் குடமும் அவர் மூச்சு விடுகிற இடத்தில் பதில் சொல்லும். ஆனால் எண்பது பேர் ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு இதைச் செய்வது லேசு இல்லை. மனிதன் பேசும் குரலின் இடமும் வியோலா, செல்லோவின் இடமும் ஒன்றுதான். அந்த இடத்தில் நாங்கள் தடிப்பாக வாசித்தால் சொல்வோன் வாயசைப்பதுதான் தெரியும். அதனால் பிளிஸ் குரலுக்குக் கீழே ஒரு பள்ளம் வெட்டிவைத்துத்தான் எழுதுகிறார். பேச்சு வரும்போது நடு வாத்தியங்கள் ஒதுங்கும், பேச்சு நிற்கும்போது திரும்ப வரும். ஒதுங்கத் தெரிந்த எழுத்து. வியோலாக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஹெக்டரை ஏன் எடுத்தார்? விடைபெறும் கணவன், அதனால் என்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஹெக்டர் ஓர் அண்ணன். பாரிஸ் என்ற தம்பி செய்த காரியத்துக்காகச் சண்டைக்குப் போகிறவன், தம்பி இருக்கும்போதே செத்துவிடுகிறவன். இலியட்டில் முறைப்படி நடந்தது சோம் கரையில் தலைகீழாக நடந்துவிட்டது. இங்கே அண்ணன் மருத்துவமனையில் படுத்திருந்தான், தம்பி போய்விட்டான்.

இரண்டாம் பகுதியில் அமெரிக்கக் கவிஞர் விட்மன் எழுதிய உள்நாட்டுப் போர்க் கவிதை. ஒரு நகரம் உற்சாகமாகப் படைக்குக் கிளம்புகிறது. கோரஸ் வெறியோடு பாடும். 1914இல் கொடியசைத்தவர்கள் அத்தனை பேரும் இதில் இருக்கிறார்கள். இதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், பிளிஸுக்கே இதில் பெரிய ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. திறமை தெரிகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதில் நின்றாக வேண்டும். முதலில் பெண்கள் மட்டும் பாடுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் லி போவின் கவிதை, எல்லைக்குப் போன கணவனுக்காகக் காத்திருப்பவள். பிறகு ஆண்கள் மட்டும் பாடுகிறார்கள். மறுபடி விட்மன், இரவில் பாசறைத் தீயருகே உட்கார்ந்து வீட்டை நினைப்பவன். நம் முல்லைப்பாட்டைப் படித்தவர்கள் இந்நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வீர்கள். வீட்டில் அவள், பாசறையில் அவன், நடுவில் கார்காலம். பிளிஸ் முல்லைத் திணையைக் கண்டாரா என்ன, ஆனாலும் அதே அடுக்கு. வீட்டைப் பெண் குரலுக்கும் பாசறையை ஆண் குரலுக்கும் பிரித்துக் கொடுத்தாரே, அதுதான் அழகு.

நான்காவதில் மறுபடி ட்ராய். கிரேக்க வீரன் அக்கிலீஸ் போருக்குப் புறப்படுகிறான். தொடர்ந்து கோரஸ் வீரர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. ஹெக்டர், அக்கிலீஸ் என்று ஒரு வரிசை, வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது மாதிரி. போரில் ராணுவத்திலும் இப்படித்தான், தாக்குதல் முடிந்த மாலையில் பெயர் வாசிப்பார்கள், பதில் வராத பெயருக்கு நேரே ஒரு குறி. காலாட்படை அதிகாரியாக இருந்த பிளிஸுக்கு அந்தச் சடங்கு தெரியாமலா இருக்கும்? அத்தனை பெயர் வருகிறது, வர வேண்டிய ஒரு பெயர் வரவில்லை. அது முதல் பக்கத்திலேயே முடிந்துபோயிற்று.

இப்போது ஐந்தாம் பகுதி. நான் சொன்ன இடம்.

வில்ஃப்ரெட் ஓவன் என்ற இளம் கவிஞர், ஆங்கிலப் படையில் அதிகாரி. போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4, ஒரு கால்வாயைக் கடக்கும் முயற்சியில் கொல்லப்பட்டார். நவம்பர் 11 போர் முடிந்த நாள். மணியோசைக்கு நடுவே தந்தி அவருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் கவிதைகள் 1920இல் நூலானாலும் 1930இல் அவரை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பிளிஸ் எடுத்துக்கொண்டது வசந்தகாலத் தாக்குதலைப் பற்றிய கவிதை. ஒரு மலைச்சரிவில் சிப்பாய்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். புல் இருக்கிறது, மஞ்சள் பூ இருக்கிறது, வெயில் இதமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேட்டைத் தாண்டி ஓட வேண்டும், ஓடுகிறார்கள். தாண்டிய உடனே வானமே எரிகிறது. கவிதை ஒரு கேள்வியில் முடிகிறது: உயிரோடு மீண்டு வந்தவர்கள், விழுந்துபோன தோழர்களைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

பிளிஸ் இதைப் பாட்டாக்கவில்லை. சொல்வோன் பேசுகிறார். துணைக்கு டிம்பானி மட்டும், வேறு எதுவும் இல்லை. மேடையில் அத்தனை பேர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டிம்பானி உருளும், அடங்கும், சில இடத்தில் காதுக்கே எட்டாத அளவுக்கு இறங்கும். அது தூரத்துப் பீரங்கி என்று யாரும் சொல்லாமலே புரியும். நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? கென்னார்ட் பீரங்கிப்படையில் இருந்தவன். காலாட்படையில் அண்ணன் பதுங்குகுழியில் கிடந்தபோது தலைக்கு மேலே பறந்த குண்டுகள் எங்கோ பின்னாலிருந்து தம்பி மாதிரியானவர்கள் சுட்டவை. முழுப் படைப்பிலும் தம்பி இருக்கும் இடம் என்று கேட்டால் நான் இந்தத் தோல் வாத்தியத்தைத்தான் காட்டுவேன். பிளிஸ் அப்படி நினைத்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். சார்ல்ஸ் க்ரோவ்ஸ் லிவர்பூல் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய பழைய தட்டு இது, சொல்வோன் ஜான் வெஸ்ட்புருக்.

(ஐந்தாம் பகுதியின் தொடக்கம் இசைக்கப்பட்டது.)

யாரும் இருமவில்லை. நன்றி.

கவனித்தீர்களா, அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு சின்ன மௌனம். 14 வருடம் வாய் திறக்காத ஒருவர், ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வியை, அந்தப் போரில் செத்தவன் எழுதிய வார்த்தையால், இன்னொருவர் குரலில் தன்னிடமே கேட்க வைக்கிறார். இதற்கு மெட்டுப் போட்டிருந்தால் மெட்டு பதில் மாதிரி ஆகியிருக்கும். மெட்டு எப்போதும் எங்கேயாவது போய் உட்கார்ந்துவிடும்.

இதற்குப் பிறகு கோரஸ் வருகிறது, ராபர்ட் நிக்கல்ஸ் எழுதிய சோம் விடியல் பற்றிய கவிதை. காலைப் பனியில் இறந்த வீரர்கள் எழுந்து சூரியனை நோக்கிப் போகிறார்கள். தலைப்பு அதிலிருந்து வந்ததுதான். அழகான எழுத்து, ஸ்ட்ரிங்ஸுக்கு நல்ல தீனி. ஆனால் உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, இந்த விடியலை நான் முழுதாக நம்புவதில்லை. டிம்பானிக்குப் பின் அது ஒரு போர்வை மாதிரி வந்து மூடுகிறது. 1930இல் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் போர்வை தேவைப்பட்டிருக்கலாம். அண்ணனை இழந்தவர், பிள்ளையை இழந்தவர், கணவனை இழந்தவர் இல்லாத வரிசை ஒன்றுகூட அங்கே இருந்திராது. அவர்களைக் குளிரில் விட்டு வீட்டுக்கு அனுப்ப மனசு வராமல் இருந்திருக்கும்.

1930 அக்டோபர் 22, நாரிச்சில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மண்டபம். ஒரு காலத்தில் டொமினிக்கன் துறவிகளின் தேவாலயமாக இருந்தது. பிளிஸே நடத்தினார், பேசில் மெய்ன் சொன்னார். பதுங்குகுழிக் கனவை விரட்டுவதற்காகத்தான் இதை எழுதினேன் என்று பிளிஸ் பின்னால் எழுதியிருக்கிறார்.

இடையில் ஒரு கிளைக்கதை, மூன்றே வாக்கியம். 1962இல் கவென்ட்ரியில் புதிய தேவாலயத் திறப்பு விழாவுக்கு பிளிஸ் எழுதிக் கொடுத்த இசையைத் தேவாலயத்தில் வைக்காமல் ஊரிலிருந்த நாடக அரங்குக்குத் தள்ளிவிட்டார்கள், தேவாலயத்துக்குள் பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் ‘வார் ரெக்வியம்’ ஒலித்து உலகப் புகழ் பெற்றது. அதிலும் ஓவன் கவிதைதான். 32 வருடம் முன்னால் ஓவனைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கிழவரின் இசை தேவாலயத்துக்கு வெளியே நின்றது.

இன்னும் ஒன்று பாக்கி. ஊர் அழுதாயிற்று. வீடு?

‘மார்னிங் ஹீரோஸ்’ முடிந்து இரண்டு வருடம், 1932. பிளிஸ் கிளாரினெட்டும் நான்கு தந்தி வாத்தியமும் சேரும் ஒரு ஐவர் இசை எழுதினார். ஆர்கெஸ்ட்ரா இல்லை, கோரஸ் இல்லை, ஹோமர் இல்லை. ஃபிரெடரிக் தர்ஸ்டன் என்ற பெரிய கிளாரினெட்காரர் முதலில் வாசித்தார். இதன் முதல் பக்கத்தில் தம்பியின் பெயர் இல்லை. போர் என்ற சொல் இல்லை, நினைவு என்ற சொல் இல்லை. ஆனால் தொடங்கும்போது கிளாரினெட் தனியாக வாசிக்கிறது. யாரும் துணைக்கு வருவதில்லை. யாரோ பக்கத்து அறையில் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பது போல அது போகிறது. பிறகு ஒரு வாத்தியம் வந்து சேர்கிறது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக எல்லாரும் வந்துவிடுகிறார்கள். வியோலாவும் வருகிறது. எனக்கு வாசிக்கக் கிடைத்த இசையிலேயே உள்ளே நுழையத் தயங்கிய இடம் அதுதான். யாருடைய பேச்சிலோ குறுக்கே புகுவது போல இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது, அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முதல் நான்கு நிமிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கலையலாம். பின்வரிசையில் மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடுகிறது, அதை நிறுத்தினால் நல்லது.

தம்பி, அந்த இரண்டாவது தட்டைப் போடப்பா.

(கிளாரினெட் ஐவர் இசையின் தொடக்கம் இசைக்கப்பட்டது.)